கரணையும் விதையும்: பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையும் உழவர் அறிய வேண்டுவனவும்

வாழைத் தோட்டத்தில் தாய் மரத்தின் அடியில் எழும் கன்றைப் பெயர்த்து வேறோர் இடத்தில் நட்டால், அது தாயைப் போன்றே தார் ஈனும் என்பதில் எவருக்கும் ஐயம் உண்டாவதில்லை. கரும்புக் கரணையும் அத்தகையதே. ஆனால் ஊரெல்லாம் புகழும் மாமரத்தின் கொட்டையை ஊன்றி வளர்த்த மரமோ தாய் மரத்தின் சுவையைப் பெரும்பாலும் தருவதில்லை. நன்கு காய்க்கும் ஒரே தென்னையின் நெற்றுகளை முளைக்க வைத்தாலும், பிள்ளைகள் ஒன்றைப்போல் ஒன்று வளர்வதில்லை. விலை கொடுத்து வாங்கிய வீரிய ஒட்டு விதை முதற் போகத்தில் ஒரே சீராக விளைந்து களிப்பூட்டுகிறது. அதன் மணிகளை எடுத்து வைத்து மறு போகத்தில் விதைத்தாலோ, நெட்டையும் குட்டையும், முன் விளைவதும் பின் விளைவதுமாகப் பயிர் சிதறிப்போகிறது.

இவ்வேறுபாடு மண்ணின் குற்றமுமன்று, உரத்தின் குறையுமன்று. செடியின் உடலுக்குள் நிகழும் இருவகைப் பிரிவுகளே இதற்குக் காரணம். அவற்றுள் ஒன்று உள்ளதை உள்ளபடியே படியெடுப்பது. மற்றொன்று உள்ளதைப் பாதியாக்கிக் கலைத்து அடுக்குவது. இவ்விரண்டையும் பகுத்தறிந்த உழவர், எந்தப் பயிரில் விதையை எடுத்து வைக்கலாம், எதில் புதிதாக வாங்க வேண்டும், எந்தக் கன்றை நடலாம், எதை அழிக்க வேண்டும் என்பவற்றைத் தாமே தீர்மானித்துக் கொள்ளக் கூடும்.

உயிரணுவும் குரோமோசோமும்

சுவர் செங்கற்களால் ஆனதுபோலச் செடியின் வேர், தண்டு, இலை, பூ யாவும் உயிரணுக்கள் என்னும் மிகச் சிறு அறைகளால் ஆனவை. இவற்றைச் செல் என்றும் வழங்குவர். ஒவ்வோர் உயிரணுவின் நடுவிலும் உட்கரு ஒன்று உண்டு. உயிரணு பிரியும் சமயத்தில் அவ்வுட்கருவுக்குச் சாயம் ஏற்றி நுண்பெருக்கியில் நோக்கினால், நிறம் பற்றிய சிறு குச்சிகள் போன்ற உருவங்கள் புலப்படும். இவையே குரோமோசோம்கள். செடியின் உயரம், வயது, மணியின் நிறம், நோயைத் தாங்கும் திறம் முதலிய பரம்பரைக் குணங்களை நிருணயிக்கும் கூறுகள் இவற்றில் வரிசையாக அமைந்திருக்கின்றன.

ஒவ்வொரு பயிருக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டதாகும். நெல்லுக்கு 24, மக்காச்சோளத்துக்கு 20, கம்புக்கு 14, தென்னைக்கு 32, மாவுக்கு 40. இவை இரண்டிரண்டாக இணைசேர்ந்து நிற்பவை. நெல்லின் 24 என்பது 12 இணைகள். ஒவ்வோர் இணையிலும் ஒன்று மகரந்தத்தின் வழியாகத் தந்தையிடமிருந்து வந்தது, மற்றொன்று சூலின் வழியாகத் தாயிடமிருந்து வந்தது. எண்ணிக்கை பெரிதாயின் பயிர் உயர்ந்தது என்றோ, சிறிதாயின் தாழ்ந்தது என்றோ கொள்ளுதல் தவறு. எண்ணிக்கை தலைமுறைதோறும் எவ்வாறு மாறாமல் காக்கப்படுகிறது என்பதே அறியத்தக்கது.

சமப் பிரிவு

நாற்றின் வேர் நீளுவதும், கரணையின் பரு முளைத்துக் கரும்பாவதும், வாழைக் கிழங்கிலிருந்து கன்று எழுவதும் உயிரணுக்கள் பெருகுவதால் நிகழ்பவை. இவ்வாறு உடல் வளரும்போது நடைபெறும் பிரிவுக்கு மைட்டாசிஸ் என்று பெயர். தமிழில் இதனைச் சமப் பிரிவு எனலாம். ஜெர்மானிய அறிஞர் வால்தர் பிளெமிங் இதன் படிகளை ஆராய்ந்து 1882இல் இப்பெயரை வழங்கினார்.

இப்பிரிவு தொடங்குமுன் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் போன்ற ஒரு படியை உண்டாக்கிக் கொண்டு, இரட்டையாக ஒட்டி நிற்கிறது. பின்னர் 24 இரட்டைகளும் உயிரணுவின் நடுவில் வரிசையாக நிற்க, நூல் போன்ற இழைகள் ஒவ்வோர் இரட்டையையும் பிரித்து, ஒன்றை ஒரு முனைக்கும் மற்றொன்றை எதிர் முனைக்கும் இழுத்துச் செல்கின்றன. நடுவில் சுவர் எழும்புகிறது. ஓர் உயிரணு இரண்டாகிறது; இரண்டிலும் அதே 24 குரோமோசோம்கள், அதே குணங்களோடு அமைகின்றன. கர்ணத்தின் கணக்கைப் பிழையின்றிப் பிரதி எடுத்து இரண்டு கச்சேரிகளுக்கு அனுப்பிய அந்நாளைய வழக்கத்தை இதற்கு உவமையாகக் கூறலாம்.

ஆதலின் கரணை, கன்று, கிழங்கு, பதியன், ஒட்டு ஆகியவற்றால் பெருக்கப்படும் பயிர்களில் தாயின் குணம் மாறுவதில்லை. ஒட்டு மாவில் நல்ல மரத்தின் தளிரைக் கட்டுவதன் நோக்கமும் இதுவே. எப்போதோ ஒருமுறை ஒரு மொட்டில் தானாகவே மாறுதல் தோன்றி அதன் கிளையோ கன்றோ வேறுபடுவதும் உண்டு. எனினும் அது அரிது.

குன்றல் பிரிவு

பூவின் மகரந்தப் பையிலும் சூலிலும் நிகழும் பிரிவு வேறு வகையானது. அதற்கு மியாசிஸ் என்று பெயர். குன்றல் பிரிவு என்று தமிழில் வழங்குவர். இது ஏன் வேண்டப்படுகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 24 குரோமோசோம்களை உடைய மகரந்தமும், 24 உடைய சூலணுவும் கூடினால் விதைக்குள் 48 சேரும். அதற்கு அடுத்த தலைமுறையில் 96, அதன் பின் 192 என எண்ணிக்கை பெருகிக்கொண்டே போய், நெல் என்னும் இனம் நிலைபெறாது. ஆகவே கூடுவதற்கு முன்னர் இருபுறமும் பாதியாகக் குறைதல் இன்றியமையாதது. 12உம் 12உம் கூடி 24 ஆவதே விதையின் கணக்கு.

குன்றல் பிரிவில் குரோமோசோம்கள் படியெடுக்கப்படுவது ஒரே முறை. உயிரணு பிரிவதோ இருமுறை. முதற் பிரிவில், தந்தை வழி வந்ததும் தாய் வழி வந்ததுமான துணைக் குரோமோசோம்கள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து நெருங்கி நிற்கின்றன. அவ்வாறு நிற்கையில் சிற்சில துண்டுகளைத் தம்முள் மாற்றிக் கொள்கின்றன. பின்னர் இணை பிரிந்து, ஒன்று ஒரு புறமும் மற்றொன்று மறு புறமும் செல்கின்றன. இப்போதே 24 என்பது 12 ஆகிவிடுகிறது. இரண்டாம் பிரிவு ஏறக்குறைய சமப் பிரிவைப் போன்றது. ஒட்டி நின்ற இரட்டைப் படிகள் அதில் தனித்தனியாகின்றன. முடிவில் ஓர் உயிரணுவிலிருந்து நான்கு பிறக்கின்றன. ஒவ்வொன்றிலும் 12 குரோமோசோம்கள் உள்ளன. மகரந்தப் பையில் இந்நான்கும் மகரந்தத் துகள்களாகின்றன. சூலில் பெரும்பாலும் மூன்று அழிந்து ஒன்று மட்டும் நிலைக்கிறது.

எண்ணிக்கையைப் பாதியாக்குவதோடு குணங்களைக் கலைத்து அடுக்குவதும் இப்பிரிவின் தொழிலாகும். எந்த இணையில் தந்தை வழியது எப்புறம் செல்லும் என்பதற்கு நியதி இல்லை. 12 இணைகள் இவ்வாறு பிரியக்கூடிய வழிகள் மட்டும் 4,096. துண்டுகள் மாறுவதால் உண்டாகும் வேறுபாடுகள் இதற்கு மேற்பட்டவை.

இவ்விரு பிரிவுகளின் வேற்றுமையைச் சுருக்கமாகப் பின்வருமாறு கொள்ளலாம்.

1. சமப் பிரிவு உடலெங்கும் நிகழ்வது. குன்றல் பிரிவு பூவின் மகரந்தப் பையிலும் சூலிலும் மட்டுமே நிகழ்வது.

2. முன்னதில் 24 உடைய ஓர் உயிரணுவிலிருந்து 24 உடைய இரண்டு பிறக்கும்; பின்னதில் 24 உடைய ஒன்றிலிருந்து 12 உடைய நான்கு பிறக்கும்.

3. முன்னதால் பிறப்பவை ஒரே தன்மையன. பின்னதால் பிறப்பவை தம்முள் வேறுபடுவன.

நெல்லின் பொதிப் பருவம்

நெல்லில் மகரந்தத்துக்குரிய குன்றல் பிரிவு, கதிர் வெளிவருவதற்குச் சுமார் 10 முதல் 15 நாட்களுக்கு முன்னர், கதிர் இன்னும் இலையுறைக்குள் பொதிந்திருக்கும்போதே நடந்து முடிகிறது. அச்சமயத்திலும் அதனை அடுத்த சில நாட்களிலும் பயிர் நீரின்றி வாடினாலும், கடுங்குளிர் தாக்கினாலும், மகரந்தம் சரிவர உருவாவதில்லை. கதிர் வெளிவந்த பின் எவ்வளவு நீர் பாய்ச்சினும் மலட்டு மகரந்தம் உயிர் பெறாது. மணிகள் பதராகவே நிற்கும். பொதிப் பருவத்தில் வயல் காயலாகாது என்று முதியோர் கூறிவரும் அறிவுரை இவ்வாறு ஆராய்ச்சியாலும் உறுதிப்படுகிறது. முறைப்பாசனம் செய்யும் ஊர்களில், எந்த வயல் பொதிப் பருவத்தில் உள்ளது என்று கண்டு அதற்கு முதலில் நீர் விடுதல், கிடைக்கும் நீரைக் கொண்டு அதிக மணி பெறும் வழியாகும்.

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். பல தலைமுறையாக அவ்வாறு விளைந்த இரகத்தில் ஒவ்வோர் இணையின் இரு குரோமோசோம்களும் ஒரே தன்மையனவாக ஆகிவிடுவதால், அவற்றைக் கலைத்து அடுக்கினும் வேறுபாடு தோன்றுவதில்லை. சாதாரண நெல் இரகத்தின் விதையைச் சில போகங்களுக்கு எடுத்து வைத்து விதைக்கலாம் என்பதற்குக் காரணம் இதுவே. வீரிய ஒட்டு விதையின் நிலை வேறு. வேறுபட்ட இரண்டு பெற்றோரின் பாதிகள் அதில் கூடியிருக்கின்றன. முதற் போகத்தில் எல்லாச் செடிகளுக்கும் அதே இரு பாதிகள் வாய்ப்பதால் பயிர் சீராக நிற்கும். அச்செடிகளே பூத்துக் குன்றல் பிரிவை நடத்தும்போது இரு பெற்றோரின் குணங்களும் பலவாறு சிதறுகின்றன. மறு போகத்துச் செடிகளில் எண்ணிக்கை மாறுவதில்லை, சேர்க்கை மாறிவிடுகிறது. விளைவு குன்றுவதற்கு விதை வியாபாரியின் சூழ்ச்சியைக் காரணமாகக் கூறுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

தென்னைக்குப் பக்கக் கன்று இல்லை; ஒவ்வொரு பிள்ளையும் குன்றல் பிரிவின் வழியே பிறந்ததே. நெட்டைத் தென்னை அயல் மகரந்தத்தையும் ஏற்பதால் வேறுபாடு மிகுதி. அதனால்தான் தாய் மரத்தைத் தேர்ந்தெடுப்பதோடு நில்லாமல், நாற்றங்காலில் முந்தி முளைத்த திடமான பிள்ளைகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட வேண்டுமெனக் கூறப்படுகிறது. இக்கலப்பையே நன்மைக்குப் பயன்படுத்தி, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நீலேஸ்வரம் ஆராய்ச்சிப் பண்ணையில் ஜே. எஸ். பட்டேல் 1932இல் நெட்டையையும் குட்டையையும் கலந்து ஒட்டுத் தென்னையை உண்டாக்கினார்.

பாதியாகாமையால் விளைந்த நன்மை

குன்றல் பிரிவு தன் முறைப்படி நிகழாமற் போவதும் உண்டு. அப்பிழை சில வேளைகளில் உழவர்க்குப் பெருஞ் செல்வமாக அமைந்திருக்கிறது. கரும்பின் வரலாறு இதற்குச் சான்று.

கரும்பு விதையாலும் முளைக்கும் என்பது 1880களில் ஜாவாவிலும் பார்படோஸ் தீவிலும் தெளிவாக்கப்பட்டது. கோயம்புத்தூரின் தட்பவெப்பத்தில் கரும்பு நன்கு பூத்து விதை கொள்வதால், 1912இல் அங்கே கரும்பு இன விருத்தி நிலையம் தொடங்கப்பட்டது. சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும், தடித்து இனிக்கும் வெள்ளைக் கரும்பைத் தாயாகவும், ஆற்றங்கரைகளிலும் வரப்போரங்களிலும் களையாக வளரும் நாணல் என்னும் காட்டுக் கரும்பைத் தந்தையாகவும் கொண்டு கலப்புச் செய்தனர். இனிப்பற்ற நாணலைக் கரும்போடு சேர்ப்பது அக்காலத்தில் பலருக்கு வியப்பாகத் தோன்றியது. அக்கலப்பில் பிறந்த கோ 205 என்னும் இரகம் 1918இல் வெளியிடப்பட்டு, வட இந்தியாவில் நாட்டுக் கரும்புகளைக் காட்டிலும் மிகுதியாக விளைந்தது.

தடித்த கரும்பின் குரோமோசோம்கள் 80. கோயம்புத்தூர் நாணலின் குரோமோசோம்கள் 64. முறைப்படி பாதியானால் 40உம் 32உம் கூடி 72 ஆதல் வேண்டும். ஆனால் இவ்வகைக் கலப்பில் பிறக்கும் செடிகளில் 112 காணப்படுகிறது. அதாவது நாணலின் மகரந்தம் தன் பாதியாகிய 32ஐ மட்டும் தர, கரும்பின் சூலோ முழு 80ஐயும் தந்துவிடுகிறது. சூலில் குன்றுதல் நிறைவேறாமலோ, குன்றியபின் மீண்டும் இரட்டித்தோ இவ்வாறு நேர்கிறது. ஜாவாவில் ஆராய்ந்த பிரெமர் 1923இல் இதனை எடுத்துக்காட்டினார். பிள்ளைச் செடியில் இனிப்புக் கரும்பின் பங்கு 80, நாணலின் பங்கு 32. ஆகவே இனிப்பு பெரிதும் குறையாமல், வறட்சியையும் குளிரையும் நோயையும் தாங்கும் நாணலின் வலிமையும் உடன் கிடைத்தது. இந்நாளில் பயிராகும் கரும்பு இரகங்களில் ஏறத்தாழ 100 முதல் 130 வரை குரோமோசோம்கள் இருப்பதும் இம்மரபினாலேயே.

1934 முதல் 1939 வரை இந்நிலையத்தில் பணியாற்றிய இ. கே. ஜானகி அம்மாள், கரும்பின் குரோமோசோம்களை நுணுகி ஆராய்ந்தவர். பின்னர் இங்கிலாந்தில் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் ஒரு நூலை வெளியிட்டார்.

இவ்வாறு விதையால் பிறந்த ஆயிரக்கணக்கான நாற்றுகளுள் ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்ட பின், அதனைப் பெருக்குவது கரணையே. 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டுத் தென்னிந்தியாவில் பெரும்பரப்பில் பரவிய கோ 86032 இரகத்தின் எல்லாக் கரும்புகளும், என்றோ ஒரு விதையிலிருந்து முளைத்த ஒற்றைச் செடியின் உடலே ஆகும். புதுமையைத் தருவது குன்றல் பிரிவு. அதனைச் சிதையாமல் காப்பது சமப் பிரிவு.

வாழைக்கு விதையில்லாமை

காட்டு வாழையின் பழத்தை அறுத்தால் மிளகு போன்ற கடினமான விதைகள் நிறைந்திருக்கும். அதன் குரோமோசோம்கள் 22, பாதியானால் 11. ஆனால் பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன், கற்பூரவல்லி, செவ்வாழை, ரொபஸ்டா ஆகியவற்றில் 33 குரோமோசோம்கள் உள்ளன. முற்காலத்தில் எங்கோ ஒரு வாழையின் சூல் பாதியாகாமல் 22ஐத் தர, மகரந்தம் 11ஐத் தர, 33 உடைய செடிகள் தோன்றின.

33ஐ இரண்டு சமபாதிகளாகப் பிரித்தல் இயலாது. ஒவ்வோர் இனத்திலும் குரோமோசோம்கள் மும்மூன்றாக இருப்பதால், இணை சேரும் வேளையில் ஒன்று எஞ்சி நின்று தடுமாறுகிறது. பிரிவு ஒழுங்கற்றுப்போய் மகரந்தமும் சூலும் பெரும்பாலும் மலடாகின்றன. கருவுறாமலே காய் பருக்கும் இயல்பும் வாழைக்கு வாய்த்திருப்பதால், விதையற்ற சதைப்பழம் கிடைக்கிறது. நெய்ப்பூவனில் 22 குரோமோசோம்களே இருப்பினும், அவை வெவ்வேறான இரண்டு காட்டினங்களிலிருந்து வந்தவை. நன்கு இணை சேராமையால் அதிலும் விதை தோன்றுவதில்லை.

குன்றல் பிரிவில் 33ஐப் பங்கிட இயலாவிடினும், சமப் பிரிவுக்கு அதனால் யாதொரு தடையும் இல்லை. ஒவ்வொன்றும் தன்னைப் படியெடுத்துப் பிரிவதற்குத் துணை வேண்டுவதில்லை. அதனால் 33 உடைய கிழங்கிலிருந்து 33 உடைய கன்று பிசகாமல் எழுகிறது. விதையில் மலடான வாழை, கன்றினால் நெடுங்காலமாக வாழ்ந்து வருகிறது.

எண் பொருந்தாத பருத்தி

கோவில்பட்டி முதலிய கரிசல் நிலங்களில் பெயர்பெற்ற கருங்கண்ணிப் பருத்திக்கு 26 குரோமோசோம்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்த கம்போடியாப் பருத்திக்கு 52. முன்னதன் திடத்தையும் பின்னதன் நீண்ட இழையையும் ஒருங்கே பெறக் கருதிக் கலப்புச் செய்தால், 13உம் 26உம் கூடி 39 உடைய செடி பிறக்கும். இணையற்ற குரோமோசோம்கள் மிகுந்திருப்பதால் அது மலடாகும். எனவே பயனுடைய பருத்தி ஒட்டுகள் பெரும்பாலும் ஒத்த எண்ணிக்கையுடையவற்றினிடையே உண்டாக்கப்பட்டன. குஜராத்தின் சூரத்தில் 1970இல் வெளியான ஹெச் 4 என்னும் ஒட்டுப் பருத்தியின் பெற்றோர் இருவரும் 52 உடையவர்களே.

காந்தட் கிழங்கும் விதையில்லாத் தர்ப்பூசணியும்

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் கண்வலிக் கிழங்கு என்னும் செங்காந்தள், விதைக்காகப் பயிரிடப்படுகிறது. அவ்விதையில் கால்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அது மருந்துக்குப் பயன்படுவதோடு, குரோமோசோம் எண்ணிக்கையை மாற்றவும் உதவுகிறது. சமப் பிரிவில் இரட்டைகளை இரு முனைகளுக்கும் இழுக்கும் நூலிழைகளை அது உருவாகவொட்டாமல் தடுக்கிறது. குரோமோசோம்கள் படியெடுக்கப்பட்டும் உயிரணு பிரியாமையால் எண்ணிக்கை இருமடங்காகிறது. தாவரங்களில் இதன் செயல் 1937இல் விளங்கிற்று.

22 குரோமோசோம்களை உடைய தர்ப்பூசணியை இம்முறையால் 44 உடையதாக்கி, அதனைத் தாயாகவும் சாதாரணக் கொடியைத் தந்தையாகவும் கொண்டு கலந்தால், 22உம் 11உம் கூடி 33 உண்டாகும். வாழையிற் போலவே இதிலும் விதை பிடிப்பதில்லை. ஜப்பானில் கிஹரா என்னும் அறிஞர் இம்முறையை வகுத்தார். இதனைப் பயிரிடுவோர் மகரந்தத்துக்காகச் சாதாரணத் தர்ப்பூசணியையும் இடையிடையே நடுதல் வேண்டும். இன்றேல் காய் பருக்காது. கண்வலி விதையையும் கிழங்கையும் குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாதவாறு பத்திரப்படுத்துதல் அவசியம்.

ஒரே உடல், ஒரே நோய்

சமப் பிரிவு நல்ல குணத்தைப் பிசகாமல் காப்பதுபோலவே, நோய்க்கு ஆளாகும் குணத்தையும் பிசகாமல் காக்கிறது. ஆயிரம் ஏக்கரில் நிற்பது ஒரே உடலாயின், ஒன்றை வீழ்த்தும் நோய் ஆயிரத்தையும் வீழ்த்தும். கடந்த நூறாண்டில் இவ்வுண்மை பலமுறை மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது.

மத்திய அமெரிக்க நாடுகளில் ஏற்றுமதிக்காகப் பயிரிடப்பட்ட குரோ மிஷேல் என்னும் வாழை, மண்ணில் வாழும் பூஞ்சணத்தால் வரும் பனாமா வாடல் நோய்க்கு இரையாகி, 1960களுக்குள் வாணிபத்திலிருந்து பெரிதும் மறைந்தது. அதன் இடத்தைப் பெற்ற கேவண்டிஷ் வகையையும் தாக்கும் பூஞ்சண வகை ஒன்று பின்னர்ப் பரவி, பீகார் மாநிலத்திலும் காணப்பட்டிருக்கிறது. பழனி மலைச் சரிவுகளின் புகழ்பெற்ற விருப்பாட்சி வாழை, முடிக்கொத்து நோயால் பெரும்பரப்பை இழந்தது. கரும்பிலும் இதுவே நிகழ்ந்தது. 2009இல் வெளியிடப்பட்ட கோ 0238, வட இந்தியாவில் மிக விரைவாகப் பரவி உழவர்க்கும் ஆலைகளுக்கும் பெரும் ஊதியம் அளித்தது. பின்னர் செவ்வழுகல் நோய் அதன்மேல் வலுப்பெற்றபோது, ஒரே இரகத்தை நம்பியிருந்த வட்டாரங்கள் பெருநஷ்டம் எய்தின.

விதைப் பயிரில் ஆயிரம் செடிகளுக்குள் ஒன்றிரண்டேனும் தப்பிப் பிழைக்க வாய்ப்புண்டு. கலைத்து அடுக்கும் குன்றல் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. கரணைப் பயிரில் அவ்வாய்ப்பு இல்லை. மேலும் செடியின் உடலில் புகுந்த நச்சுயிரி கரணையோடும் கன்றோடும் கூடவே பயணம் செய்கிறது. விதையின் வழியே பல நச்சுயிரிகள் செல்வதில்லை. ஆகவே கரணை நடுவோர் விதை விதைப்போரினும் இருமடங்கு விழிப்பாக இருத்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய விதிகள் சில தாமே விளங்கும்.

1. கரும்புக்கு ஆலைக் கரும்பின் கழிவிலிருந்து கரணை எடுத்தலை விடுத்து, 6 முதல் 8 மாத வயதுள்ள தனி விதைக் கரும்பிலிருந்து எடுத்தல் வேண்டும். பிளந்தால் உள்ளே சிவந்து காணும் கரும்பு ஒன்று இருப்பினும் அவ்வயலின் கரணையைத் தள்ளிவிடுக. நீராவியோடு கூடிய வெங்காற்றில் 50 டிகிரி சென்டிகிரேடில் ஒரு மணி நேரம் கரணையை வைத்தெடுத்தால் புல்தண்டு நோய் முதலியன குறையும். ஊர் முழுதும் ஒரே இரகத்தை நடாமல், இரண்டு மூன்று இரகங்களைப் பங்கிட்டு நடுவது காப்பாகும்.

2. வாழைக்குச் சுமார் 1.5 முதல் 2 கிலோ எடையுள்ள ஈட்டி இலைக் கன்றுகளையே நோயற்ற தோட்டத்திலிருந்து தெரிந்தெடுக்க வேண்டும். வேர்களையும் அழுகிய பாகங்களையும் சீவிவிட வேண்டும். வாடல் நோய் கண்ட நிலத்தில் ரஸ்தாளியை மீண்டும் நடலாகாது. திசு வளர்ப்புக் கன்றுகளும் சமப் பிரிவால் பெருக்கப்பட்டவையே. தாய்ச் செடி நச்சுயிரிக்குச் சோதிக்கப்பட்டதா என்று கேட்டறிந்து வாங்குதல் நலம்.

3. முடிக்கொத்து நோய் கண்ட வாழையில் முதலில் அசுவினியை மருந்தடித்துக் கொன்று, பின்னரே கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். ஒருவர் தோட்டத்தில் விட்டுவைத்த ஒரு குத்து அயலார் அனைவரையும் கெடுக்குமாதலால், கிராம அதிகாரிகளும் முக்கியஸ்தர்களும் முன்னின்று ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் இவ்வேலையை முடிக்கச் செய்வது பெரும் பயன் தரும்.

4. வீரிய ஒட்டு விதையில் விளைந்ததை மறுபடி விதைக்கு வைத்தல் கூடாது. சாதாரண நெல் இரகங்களில் பூக்கும் முன்னும் பின்னும் கலவன்களை அகற்றி விதை எடுக்கலாம். எனினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சான்று பெற்ற விதையால் புதுப்பிக்க வேண்டும்.

5. நெல்லின் பொதிப் பருவத்தைக் குறித்து வைத்து, அந்நாட்களில் நீர் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

6. தென்னைக்கு நற்றாய் மரத்தின் நெற்றோடு நாற்றங்காலிலும் தேர்வு செய்தல் வேண்டும். மாவுக்கு ஒட்டுக் கன்றே தக்கது. எலுமிச்சையின் விதையில் தாயின் உடலிலிருந்தே எழும் முளைகளும் உண்டாதலால், அதன் நாற்றுகளில் பல தாயை ஒத்திருக்கும். மிக மெலிந்தவற்றையும் தோற்றத்தில் வேறுபட்டவற்றையும் நீக்கிவிடுதல் போதும்.

கரணை நடும் உழவர் பழைய செடி ஒன்றையே தொடர்ந்து வாழச் செய்கிறார். விதை விதைக்கும் உழவர் புதிய செடி ஒன்றைப் பிறக்கச் செய்கிறார். முன்னதில் தூய்மையைக் காப்பதும் பின்னதில் தேர்ந்தெடுப்பதும் அவரவர் கடமை. தம் வயலில் நிற்பது இவ்விரண்டனுள் எதன் வழி வந்தது என்பதை நடவுக்கு முன்னரே கேட்டறிந்து அதற்கேற்ப நடப்போர், பின்னால் தவிர்க்க முடியாத நஷ்டங்கள் பலவற்றை முன்னதாகவே தவிர்த்தவராவர்.